ஏழு சிவப்பு வரிகள்

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. கணினியில் நிரல் எழுதிப் பிழைக்கிற ஒருத்திக்கு இது பெரிய குறைதான். பதுளையில் ஒரு துணிக்கடையின் மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். என் அறைக்குப் பலகைத் தரை. நான் நடக்கிற சத்தத்தை வைத்தே வேலை ஓடுகிறதா, முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று கீழே கடைக்கார அம்மா கண்டுபிடித்துவிடுவார். "இன்னைக்கு என்னங்க, ஹப்புத்தளை வரைக்கும் நடந்துட்டீங்க போல" என்று படியில் பார்க்கும்போது கேலி செய்வார். நானும் சிரித்துவிட்டு இரண்டு இரண்டு படியாக ஏறி மேலே போவேன்.

நடக்காத நேரத்தில் சேமித்துக்கொண்டிருப்பேன். நான் பாவிக்கிற எடிட்டரில் ஒரு வசதி உண்டு. ஒரு கோப்பில் செய்கிற மாற்றங்களை அவ்வப்போது ஒரு பதிப்பாகப் பதிந்து வைக்கலாம். யார் மாற்றியது, எந்தத் தேதியில் மாற்றியது என்ற குறிப்போடு ஒவ்வொரு பதிப்பும் உள்ளே இருக்கும். இணையத்திலும் ஒரு பிரதி போய் உட்கார்ந்துவிடும். பிறகு எந்த இரண்டு பதிப்பையும் அருகருகே திறந்து பார்க்கலாம். இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. போன வரி சிவப்பாகவும், வந்த வரி பச்சையாகவும் தெரியும். பதியும்போது என்ன மாற்றினாய் என்று ஒரு வரி எழுதச் சொல்லும். நான் அந்த இடத்தில் எழுதியதெல்லாம் "மாற்றம்", "மறுபடியும்", "இன்னும் கொஞ்சம்" என்கிற மாதிரிதான். எழுதப் பொறுமை இருந்தால்தானே.

இந்தப் பழக்கத்தைத்தான் நான் எங்கள் தோட்டத்துப் பட்டியலுக்கும் கொண்டுபோனேன்.

தெமோதரைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் இப்போது தம்பியோடு பண்டாரவளையில் இருக்கிறார்கள், தோட்டத்தில் எங்களுக்கென்று எதுவும் மிச்சமில்லை. ஆனால் மேல் கணக்கு என்கிற மேல்பிரிவில், அறை அறையாக ஒட்டிக் கட்டிய மூன்று லயங்களின் சுவர்களில் வெடிப்பு விழுந்து, அதிகாரிகள் வந்து அளந்து, இங்கே இனி ஆள் இருக்கக்கூடாது என்று எழுதிவிட்டுப் போனார்கள். மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு எங்கள் பக்கத்தில் மழை பிடித்தால் யாரும் நிம்மதியாகப் படுப்பதில்லை. பாயையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு பாடசாலைக்குப் போய்விடுவார்கள். கீழே ரோட்டோரமாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏழு பேர்ச் அளவு காணியும் ஒரு வீடும் தருவதாகப் பேச்சு வந்தது. அதற்குக் குடும்பப் பட்டியல் வேண்டும். பட்டியலைத் திரட்டும் பொறுப்பு தோட்டத்துத் தலைவர் தலையில் விழுந்தது. தலைவர் என்றால் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். அப்பாவின் வயதுக்காரர், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கொப்பியில் எழுதி, அடித்து, மேலே எழுதி, ஓரத்தில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு நானே வலியப் போய்த் தலையைக் கொடுத்தேன்.

"நான் டைப் பண்ணித் தாறேன் மாமா. எது மாறினாலும் போன்ல சொல்லுங்க, மாத்திர்றேன்."

அவர் கொப்பித் தாள்களைக் கிழித்து பஸ் கண்டக்டர் ஒருவர் கையில் கொடுத்துவிடுவார். நான் வரி வரியாக ஏற்றுவேன். லய இலக்கம், அதில் அறைக்கு உரிய காம்பரா இலக்கம், குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர். ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி. ஏற்றியதும் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டுவிடுவேன். தாளைத் திருப்பித் தரமாட்டாயா என்று அவர் ஒருநாள் கேட்டார். "எல்லாம் உள்ள இருக்கு மாமா, ஒன்னும் தொலையாது" என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

இரண்டு மாதம் அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வீட்டில் கல்யாணம், ஒரு வீட்டில் சாவு, ஒருவர் கொழும்பிலிருந்து திரும்பி வந்துவிட்டார், ஒருவர் குடும்பத்தோடு போய்விட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிப்பு. நாற்பத்தொரு பதிப்பு ஆனபோது பட்டியல் முடிந்தது என்றார். அச்சடித்து பிரதேச செயலகத்துக்கு ஒன்று கொடுத்தோம். அவர்கள் முத்திரை குத்தி, ஆட்சேபனை இருந்தால் இரண்டு வாரத்துக்குள் சொல்லுங்கள் என்று தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் சுவரில் ஒட்டினார்கள். தொழிலுக்குப் போகிற அம்மாமார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் என்பதால் எல்லோர் கண்ணிலும் படும். அந்த இரண்டு வாரம் முடியப்போகிற வரைக்கும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் எனக்குள்ளேயே ஒரு மாலை போட்டுக்கொண்டேன்.

ஆட்சேபனைக்குக் கடைசி நாள் திங்கட்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் கூப்பிட்டாள்.

அவளை எப்படிச் சொல்வது? லயத்தில் எங்களுக்கு மூன்று காம்பரா தள்ளி இருந்தவள். ஓ.எல். பரீட்சை வரைக்கும் ஒரே பெஞ்சு. நான் பதுளைக்குப் படிக்க வந்தேன், அவள் கொழுந்து எடுக்கப் போனாள். கல்யாணம் முடித்ததும் அதே லயத்திலேயே மாமியாரின் காம்பராவில்தான் இருக்கிறாள். இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்கு அம்மா இப்போது இருக்கிற ஹல்துமுல்லைக்குப் போயிருந்தவள், முந்தின நாள்தான் கைக்குழந்தையோடு திரும்பியிருந்தாள்.

"எங்க வரி இல்லடி" என்றாள். "மாமியா பேரு இருக்கு. எங்களது இல்ல."

"சரியாப் பாத்தியா?"

"மூனு தடவ பாத்தேன். இவரு காம்பரா நம்பரப் பாத்துட்டு, இருக்கு இருக்குன்னு எனக்குப் போன்ல சொல்லிட்டாரு. நேத்து வந்து நான் பாத்தா மாமியா மட்டுந்தான். மழைக்கு முன்பக்கத்து இஸ்தோப்பு செவுரு வெளிய தள்ளி நிக்குது. நாங்க அதுக்கடியிலதான் புள்ளையப் போட்டுப் படுக்கிறோம்."

அவர்கள் வரி பட்டியலில் இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. என் கையால் ஏற்றியது. அப்படியானால் யார் வெட்டியது? எனக்கு யோசிக்கவே நேரம் எடுக்கவில்லை. அவள் புருஷன் போன வருடம் சங்கம் மாறியிருந்தான். தலைவரின் சங்கத்தை விட்டு மற்றதுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கூப்பிடுகிற நேரத்தில்கூடத் தலைவரும் அவனும் முகத்துக்கு முகம் பார்ப்பதில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

"தலைவர்தான்டி" என்றேன். "போன்ல நூறு மாத்தம் சொன்னாரு. அதுல ஒன்னா சொருகியிருப்பாரு. இரு, எந்தத் தேதியில, எந்த மாத்தத்துலன்னு நான் எடுத்துக் காட்டுறேன். எல்லாம் உள்ள இருக்கு."

"நாளைக்கு நாலு மணியோட முடியுதாம்" என்றாள்.

"அதுக்குள்ள காட்டுறேன்."

வைத்துவிட்டேன். அந்த நிமிடத்தில் எனக்குக் கோபத்தைவிட உற்சாகம்தான் அதிகம் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு நாளும் பெருமைக்காகப் பதிந்து வைத்த பதிப்புகளுக்கு இப்போது ஒரு வேலை வந்துவிட்டது.

முறையாகத் தேடுவதென்றால் நடுவில் உள்ள இருபதாவது பதிப்பைத் திறந்து அவள் வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பின்பாதி, இல்லாவிட்டால் முன்பாதி. அப்படிப் பாதி பாதியாகப் போனால் ஐந்தாறு தடவையில் பிடித்துவிடலாம். கம்பனி வேலையில் தினமும் இதைத்தான் செய்கிறேன். அன்றைக்கு அப்படிச் செய்யவில்லை. தலைவர் கூப்பிட்ட நாட்களைப் போனில் பார்த்து, அந்தந்தத் தேதியின் பதிப்புகளை மட்டும் திறந்தேன். எனக்குத் திருடன் யாரென்று முதலே தெரியும், கையும் களவுமாகப் பிடிப்பதுதான் பாக்கி.

முதலாவது, மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றையும் அதற்கு முந்தியதோடு வைத்து ஒப்பிட்டேன். ஒரு சிவப்பு வரி, ஒரு பச்சை வரி. இறந்துபோன ஒருவரின் இடத்தில் மனைவியின் பெயர். ஐந்து பேர் ஆறு பேராகியிருந்தார்கள். அவர் சொன்ன மாற்றம் எல்லாமே நியாயமாக இருந்தது. எழுந்து நடந்தேன். கீழே கடையில் ஞாயிற்றுக்கிழமை என்பதால் சத்தமில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊர்ப் பெயர்களைக் கூவுகிறது மட்டும் கேட்டது. தேத்தண்ணி போட்டேன், குடிக்க மறந்தேன், ஆறிய பிறகு ஊற்றிவிட்டு இன்னொன்று போட்டேன். திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

பதினாறாவது, பத்தொன்பதாவது, இருபத்திரண்டாவது. அவள் வரி அசையாமல் இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. இருபத்தேழில் அவள் வரியே சிவப்பாக வந்து நின்றபோது நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். பக்கத்தில் பச்சையில் அதே வரி. மூன்று பேர் என்று இருந்தது நான்கு பேர் என்று மாறியிருந்தது. அவளுக்குப் பிள்ளை பிறந்த வாரம் அது. தலைவர் அதற்காகவே கூப்பிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "பாப்பா, அந்தப் புள்ளைக்கு ஹல்துமுல்லையில பையன் பொறந்திருக்கான், நாலுன்னு போட்டுரு, பொறகு ஆள் கூடுதுன்னு யாரும் சொல்லக்கூடாது" என்று சொல்லியிருந்தார்.

சங்கம் மாறிப் போனவனின் பிள்ளையை மறக்காமல் எண்ணிச் சொன்ன மனுஷனைத்தான் நான் காலையிலிருந்து துரத்திக்கொண்டிருக்கிறேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் சந்தேகம் என்பது ஒருமுறை பிடித்தால் லேசில் விடாது. நல்லவன் மாதிரி நாலு போட்டுவிட்டுப் பிறகு வெட்டியிருப்பார் என்று முப்பதுகளுக்குப் போனேன்.

முப்பத்தைந்தில் வரி இருந்தது. நாற்பதில் இல்லை. இடையில் தலைவர் கூப்பிட்டது மூன்று தடவை. மூன்றையும் திறந்தேன். மூன்றிலும் ஒன்றுமில்லை. மிச்சம் இருந்தது முப்பத்தெட்டு மட்டும். அதைக் காலையிலிருந்து இரண்டு தடவை தாண்டிப் போயிருந்தேன். காரணம், அதைத் திறந்தால் இடப்பக்கம் முழுவதும் சிவப்பு, வலப்பக்கம் முழுவதும் பச்சை. கோப்பே தலைகீழாகியிருந்தது. அது தலைவர் சொன்ன மாற்றம் அல்ல, நான் அச்சடிக்கும் முன் லய இலக்கப்படி வரிசைப்படுத்திய நாள். வரிசை மாறினால் எல்லா வரியும் இடம் மாறும், ஒப்பீட்டில் எல்லாமே போய் எல்லாமே வந்த மாதிரித்தான் தெரியும். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இப்போது வேறு வழியில்லை. முப்பத்தேழாவது பதிப்பைத் தனியாக எடுத்து, அதையும் அதே மாதிரி வரிசைப்படுத்தினேன். பிறகு இரண்டையும் அருகருகே வைத்தேன். சிவப்பும் பச்சையும் எல்லாம் அடங்கிப்போய் ஏழே ஏழு வரி மிஞ்சியது. ஏழும் இடப்பக்கம். ஏழும் சிவப்பு. வலப்பக்கம் அவற்றுக்கு நேராக ஒன்றுமே இல்லை. நான்காவது வரி அவளுடையது.

மேலே அந்தப் பதிப்பின் குறிப்பு இருந்தது. மாற்றியவர் என்ற இடத்தில் என் பெயர். என்ன மாற்றம் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல். "சுத்தம்".

அன்றைக்கு என்ன செய்தேன் என்று உடனே புரிந்துவிட்டது. வரிசைப்படுத்தியபோது ஒரே லயம், ஒரே காம்பரா என்று சில வரிகள் அடுத்தடுத்து வந்தன. பார்க்க அசிங்கமாக இருந்தது. இரட்டைப் பதிவு, தலைவர் இரண்டு தடவை எழுதிவிட்டார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதுகூடப் பொய். லய இலக்கமும் காம்பரா இலக்கமும் ஒன்றாக இருந்தால் முதல் வரியை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடு என்று எடிட்டருக்கு ஒரு கட்டளை கொடுத்தேன். தொழிலில் கை தானாகச் செய்கிற காரியம். அது கண் சிமிட்டுகிற நேரத்தில் செய்து முடித்தது. அந்த ஏழு வரியில் இருந்த பெயர்களை நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

லயத்தில் காம்பராவுக்குத்தான் இலக்கம், குடும்பத்துக்கு இல்லை. மகனுக்குக் கல்யாணம் ஆனால் முன் திண்ணையான இஸ்தோப்பை அடைத்து ஓர் அடுப்பை வைத்துக் கொடுப்பார்கள். தனி அடுப்பு, தனிச் சாப்பாடு, தனிக் குடும்பம். இலக்கம் மட்டும் தகப்பனுடையது. தோட்டத்து ஆபீஸ் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும். மற்ற ஆறு குடும்பமும் ஏன் இரண்டு வாரமாக வாய் திறக்கவில்லை என்பதும் அப்போது விளங்கியது. அவள் புருஷனைப் போலவே அவர்களும் சுவரில் காம்பரா இலக்கத்தைப் பார்த்துவிட்டு, நாமும் அதற்குள்தானே என்று போயிருப்பார்கள். காலமெல்லாம் அந்த இலக்கத்துக்குள் ஒடுங்கியே இருந்து பழகிவிட்டார்கள்.

எனக்கு இது தெரியாதா? நான் பிறந்ததே பெரியப்பாவின் காம்பராவில்தான். மாவுச் சாக்கைப் பிரித்துத் தைத்த திரைதான் எங்கள் சுவர். அந்தப் பக்கம் பெரியப்பா குடும்பம், இந்தப் பக்கம் நாங்கள் நாலு பேர். ஒன்பது வயது வரைக்கும் அங்கேதான் இருந்தேன். நான் செய்த இந்தச் சுத்தத்தை அன்றைக்கு யாராவது செய்திருந்தால் முதலில் போயிருப்பது எங்கள் வரிதான். அது தெரிந்த என் கைதான் இந்த வேலையைச் செய்தது. வெட்கமாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிப்பில் இருந்து என் பெயரை எடுக்க எனக்குத் தெரியும். பழைய பதிப்புகளைத் திரும்ப எழுதி, அந்தச் சுத்தம் நடக்கவேயில்லை என்று செய்து, இணையத்தில் உள்ள பிரதியையும் அப்படியே மாற்றிவிடலாம். ஐந்து நிமிட வேலை. பிறகு, அச்சடிக்கும்போது ஒரு பக்கம் விடுபட்டுவிட்டது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? கட்டளையைப் பாதி தட்டியும்விட்டேன். தட்டிவிட்டு எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவள்தான்.

"கெடச்சுச்சா?"

பொய் சொல்லக்கூட ஒரு நிதானம் வேண்டும். எனக்கு அது கிடையாது.

"கெடச்சுச்சு. நான்தான்டி எடுத்திருக்கேன்."

"என்னா?"

"தலைவர் இல்ல. நான்தான். ஒரே காம்பரா ரெண்டு தடவ வந்திருக்குன்னு எடுத்துட்டேன்."

தகரத்தில் மழை விழுகிற சத்தம் போனில் கேட்டது. பிள்ளை சிணுங்கியது. அவள் ஏதாவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

"எத்தன பேர?"

"ஏழு குடும்பம்."

"நான் எங்கள மட்டும்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "பீலியில வச்சு தலைவர் பொஞ்சாதிகிட்ட வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன். தண்ணிக்கு வந்த அத்தன பேரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. நீ சொன்னன்னுதான் பேசுனேன்" என்றாள்.

பாதி தட்டியிருந்த கட்டளையை அழித்தேன்.

"சரி, நாளைக்கு காலையில ஆபீசுக்கு வா" என்றாள். "நான் போயி தலைவரக் கூட்டிக்கிட்டு வாறேன். என்னோட வந்தாருன்னா."

திங்கட்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் செயலக வாசலில் நின்றேன். அவர்கள் வந்து சேர ஒன்பதே முக்கால் ஆனது. அதற்குள் அந்த வாசலை எத்தனை தடவை சுற்றியிருப்பேன் என்று தெரியாது, காவலாளி இரண்டு தடவை என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டார். பஸ்ஸிலிருந்து முதலில் அவள் இறங்கினாள், தோளில் குழந்தை. பின்னால் தலைவர், குடையும் வெள்ளைச் சட்டையுமாக. நான் ஓடிப்போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வார்த்தை சரியாக வரவில்லை.

"அந்தப் பொட்டிக்குள்ள பூரா தேடுனியாம்ல" என்றார். "நான் எங்கயாச்சும் களவெடுத்தது இருந்துச்சா?"

"இல்லங்க மாமா."

"இருந்திருந்தா எனக்கும் சொல்லு, நானும் தெரிஞ்சுக்கிறேன்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பழியெல்லாம் எப்பவும் நம்மகிட்டதான் வந்து உக்காரும் பாப்பா. அது கெடக்கட்டும். ஏழு பேரு வீடு. அதப் பாப்போம்" என்றார்.

உள்ளே காணிப் பகுதி அதிகாரி ஒரு பெண். நடுத்தர வயது, கண்ணாடி, மேசை நிறையக் கோப்பு. ஏழு குடும்பம் விடுபட்டுவிட்டது என்று தலைவர் சொன்னதுமே அவர் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார். பட்டியல் ஒட்டிய பிறகு நாங்களும் தனிக் குடும்பம் என்று வருகிறவர்களை எடுக்கவேண்டாம் என்று அவருக்கு மேலிடத்து உத்தரவு.

"வீடு கிடைக்குதுன்னு தெரிஞ்சதும் எல்லா எடத்துலயும் ஒரு குடும்பம் ரெண்டாகுது. நான் எப்படி நம்புறது? முதல்ல எழுதின கொப்பி இருக்கா?"

தலைவர் என்னைப் பார்த்தார். கொப்பித் தாள் எல்லாம் என் குப்பைக் கூடை வழியாக என்றைக்கோ போய்விட்டது. நான் கணினியைத் திறந்து மேசையில் வைத்தேன். முப்பத்தேழும் முப்பத்தெட்டும் அருகருகே. ஏழு சிவப்பு வரி. இடப்பக்கத்துப் பதிப்பின் தேதி பட்டியல் ஒட்டியதற்கு மூன்று வாரம் முந்தியது, இணையத்தில் உள்ள பிரதியிலும் அதே தேதிதான் இருக்கிறது, வேண்டுமானால் உங்கள் கணினியிலேயே திறந்து பாருங்கள் என்று சொன்னேன். அவர் உண்மையிலேயே தன் கணினியில் திறக்கச் சொன்னார். திறந்தேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். முந்தின நாள் நான் தட்டிய பாதிக் கட்டளையைத் தட்டி முடித்திருந்தால் எல்லாப் பதிப்பிலும் முந்தின நாள் தேதிதான் இருந்திருக்கும், அவருக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது.

"சரி, அப்ப இருந்திருக்காங்க" என்றார். "பொறகு எடுத்தது யாரு?"

"நான்தாங்க."

"ஏன்?"

"இரட்டைப் பதிவுன்னு நெனச்சு எடுத்துட்டேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒரே காம்பராவுல ரெண்டு குடும்பம் இருக்கிறது லயத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே. தெரிஞ்சே எடுத்திருந்தா, இவங்க தனிக் குடும்பம் இல்லன்னு தோட்டத்துல முடிவு பண்ணி எடுத்ததாத்தான் நான் வச்சுக்கணும். அத நான் மாத்த ஏலாது. தெரியாம எடுத்திருந்தா, அது பிழை. பிழைய இன்னைக்கு நாலு மணி வரைக்கும் திருத்தலாம்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எந்த ஊர்?"

நான் வாயைத் திறந்தேன். சொல்ல வேண்டிய உண்மை ஒன்றுதான், அது என் நாக்கின் நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் அந்த நொடியில் தெரிந்துவிட்டது. தலைவர் குடைக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள்தான் பேசினாள். குழந்தையைத் தட்டிக்கொண்டே, சாதாரணமாக.

"அவங்க பதுளை டவுனுங்க. லயத்துல இருந்ததே இல்ல. லயத்து வெசயமெல்லாம் அவங்களுக்கு ஒன்னும் தெரியாதுங்க. உதவிக்கு டைப் பண்ணிக் குடுத்தாங்க, அவ்வளவுதான்."

மாவுச் சாக்குத் திரைக்கு இந்தப் பக்கம் என்னோடு உட்கார்ந்து பாடம் படித்தவள் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஏழு வீட்டுக்காக அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அது முழுப் பொய்யும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்குமோ என்பதுதான் எனக்குத் தெரியாது. இல்லை, நானும் அங்கேதான் பிறந்தேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

"அப்படியா?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

"அப்ப சரி. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. கோப்புல இருக்கணும்." ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

அன்றைக்கு நான் அசையாமல் உட்கார்ந்து எழுதினேன். லயத்துக் குடியிருப்பு முறை எனக்குத் தெரியாத காரணத்தால், ஒரே காம்பராவில் வசிக்கும் தனித்தனிக் குடும்பங்களை இரட்டைப் பதிவு எனத் தவறாகக் கருதி நீக்கிவிட்டேன் என்று எழுதினேன். அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அதிகாரி ஒருமுறை வாசித்தார். "டவுன் ஆளுங்களுக்கு இது விளங்காதுதான்" என்று சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து முதல் குடும்பத்தின் பெயரைக் கேட்டார்.